நான்காம் இயல்: ஒரே கரைக்குத் திரும்பத் திரும்பப் போதல்

வெளிக்களப் படிப்பு என்றதும் பஸ் பேசிப் பிள்ளைகளைத் தூரத்துக்குக் கூட்டிப்போவதுதான் பலருக்கும் நினைவில் வரும். காலையில் கல்லடிப் பாலம், பிறகு முகத்துவாரம் வெளிச்சவீடு, பின்னேரம் ஐஸ்கிறீம். பிள்ளைகளுக்கு அந்த நாள் மறக்காது. வருடத்துக்கு ஒருமுறை அதுவும் நடக்கட்டும். விஞ்ஞானம் படிப்பிக்க அது போதாது. பாடசாலையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், வாவிக்கரையில் ஒரு துண்டு இடத்தைத் தெரிந்தெடுத்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வருடம் முழுவதும் அதே இடத்துக்குப் போய் வருவது எப்படி என்பதை இந்த இயல் சொல்கிறது. தரம் 3 முதல் 5 வரை சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளைப் படிப்பிப்பவர்களையும், தரம் 6 இல் விஞ்ஞானம் தொடங்குபவர்களையும் மனதில் வைத்து எழுதியது இது.

ஏன் அதே இடம்? புது இடத்தில் பிள்ளையின் கண் எல்லாவற்றிலும் தாவும். எது இன்றைக்கு வந்தது, எது எப்போதும் உள்ளது என்று அதற்குத் தெரியாது. மூன்றாம் நாலாம் முறை போகும்போதுதான் “போன முறை இந்தக் கட்டை தண்ணிக்குள்ள கிடந்ததே” என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். நாம் காத்திருக்க வேண்டியது அந்த வசனத்துக்குத்தான். அதைச் சொன்ன பிள்ளை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டது. காரணம் கேட்க இனி அதிக நேரம் எடுக்காது.

குருக்கள்மடம் இதற்கென்றே அமைந்த ஊர் என்று சொல்வேன். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒரு காலை வேளையில் நடந்தே கடந்துவிடக்கூடிய மணல் நிலம். 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி மாரியில் கிட்டத்தட்ட நன்னீராகவும், கோடையில் உவர்நீராகவும் மாறும். ஒரே இடத்தில் நின்றபடி பிள்ளைகள் இரண்டு வாவிகளைப் பார்க்கலாம்.

இடம் எது?

அழகான இடம் தேட வேண்டாம். நிழல் தரும் மரம் ஒன்று வேண்டும். அதன் கீழ் நின்றால் நீர் விளிம்பு நன்றாகத் தெரிய வேண்டும். பக்கத்தில் கொஞ்சம் கண்டல் இருந்தால் நல்லது. மாடு இறங்கித் தண்ணீர் குடிக்கும் தடம், தோணி கட்டும் இடம், வலை காயப்போடும் இடம் என்று ஆள் நடமாட்டம் உள்ள கரையையே தெரிந்தெடுங்கள். ஆளில்லாத கரை பாதுகாப்புக் குறைந்தது; கேள்வி கேட்க ஆளும் கிடைக்காது. காணி தனியாருடையதாக இருந்தால் உரிமையாளரை நேரில் கண்டு பேசுங்கள். பிள்ளைகளில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

வாவியின் மறுகரையிலுள்ள அம்பிளாந்துறைக்குப் பாதை (மிதவைப் படகு) புறப்படும் துறையடியை நிரந்தர இடமாக வைத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன். சனமும் மோட்டார் சைக்கிளும் நெருக்கும். ஆனால் மிதத்தல் பாடத்துக்கு ஒருநாள் அங்கே போக வேண்டும். கரையில் நின்று, வெறுமையாக இருக்கும் பாதையின் பக்கத்தில் நீர்க்கோடு எங்கே படுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள்களும் ஆட்களும் ஏறிய பிறகு மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு தாழ்ந்தது, மறுகரையில் இறங்கியதும் என்ன ஆகும் என்று கேட்டால் போதும். ஆர்க்கிமிடீசின் பெயர் மேல் வகுப்பில் வரட்டும்.

போகுமுன்

அதிபரின் அனுமதி எழுத்தில் இருக்கட்டும். பெற்றோரின் ஒப்பத்தை வருடத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு பாடவேளைகள் சிறந்தவை. பத்து மணிக்குப் பிறகு வெயில் பிள்ளைகளின் கவனத்தைத் தின்றுவிடும். உங்களோடு இன்னொரு பெரியவராவது வர வேண்டும். தாய்மார் ஒழுங்கு முறையில் வந்தால் இன்னும் நல்லது.

சில விதிகளில் விட்டுக்கொடுப்புக் கூடாது. வாவியில் முதலை உண்டு. ஆகவே பிள்ளை எதற்காகவும் தண்ணீரில் இறங்கக் கூடாது, கால் நனைக்கவும் கூடாது. தண்ணீர் எடுப்பது ஆசிரியர். அதுவும் நீண்ட தடியில் கட்டிய ரின்னால். தில்லை மரத்தை முதல் நாளே காட்டிக் கொடுங்கள்: கிளையை ஒடித்தால் வரும் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டால் புண்ணாகும். சருகுக்குள் கை விடக் கூடாது. கிளற வேண்டுமென்றால் தடி. மண்ணுக்குள்ளிருந்து இரும்புத் துண்டோ குழாயோ உருளையோ தென்பட்டால் தொடாமல், எறியாமல், நின்ற இடத்திலிருந்தே ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். போர் நடந்த மண்ணில் இந்த விதி இன்னும் பல வருடத்துக்குத் தேவை. வெள்ளம் வடிந்த கிழமைகளில் தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் அபாயம் இருக்கும். அந்த நாட்களில் மேட்டோடு நின்றுகொள்ளுங்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் பாடமாக்குங்கள்.

கரைக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்கும் அம்மாமார் இருப்பார்கள். 2004 டிசம்பர் 26 ஐ இந்தக் கரையில் கண்டவர்கள் அவர்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். “ஒருநாள் நீங்களும் வாங்க அக்கா, எங்க நிக்கிறம், என்ன செய்யிறம் எண்டு பாருங்க” என்று கூப்பிடுங்கள். வந்தவர்களில் சிலர் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் வருவார்கள்.

முதல் நாள்: ஒரு மீற்றர் சதுரம்

நாலு மீற்றர் கயிறு, நாலு தடி. நாலு பேருக்கு ஒரு சதுரம். அதற்குள் உள்ளதை மட்டும் பார்க்க வேண்டும், பத்து நிமிடத்துக்குப் பேச்சில்லை. முதல் மூன்று நிமிடம் பிள்ளைகள் “ஒண்டும் இல்ல டீச்சர்” என்பார்கள். பதில் சொல்லாதீர்கள்.

ஈரச் சேற்றில் ஒரு சிறு துளை இருக்கும். சுற்றிவர மிளகளவு சேற்று உருண்டைகள் கிடக்கும். அசையாமல் இருந்தால் துளைக்குள்ளிருந்து ஒரு நண்டு வெளியே வரும். ஆண் நண்டென்றால் ஒரு கடுக்கி உடம்பளவு பெருத்திருக்கும்; மற்றது சின்னது. அந்தச் சின்னக் கடுக்கியால் சேற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோவதும், சற்று நேரத்தில் ஓர் உருண்டையைக் கீழே வைப்பதும் தெரியும். சேற்றிலுள்ள நுண்ணிய உணவை மட்டும் வடித்துத் தின்றுவிட்டு மிச்சத்தை உருட்டி விடுகிறது. இதை நீங்கள் சொல்லிவிட்டால் பாடம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். “இந்த உருண்டையை ஆர் வைச்ச?” என்று மட்டும் கேளுங்கள். எறும்பு என்று ஒரு பிள்ளை சொல்லும், மழைத்துளி என்று இன்னொன்று சொல்லும். “எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று அடுத்துக் கேளுங்கள். துளையைச் சுற்றியுள்ள உருண்டைகளை எண்ணி வைத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்ப எண்ணலாம் என்று ஒரு பிள்ளை சொல்லுமானால் அன்றைய வேலை வென்றுவிட்டது.

பெயர்களைப் பிறகு சொல்லுங்கள். பெயர் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவது பிள்ளைகளின் இயல்பு, பெரியவர்களுக்கும் அதுதான். பறவைகளுக்கும் இதே முறை: நீர்க்காகம் கட்டையில் நின்று சிறகை விரித்துக் காயவைப்பதைக் கண்டால், கொக்கு ஏன் அப்படிச் செய்வதில்லை என்று கேளுங்கள். ஒன்று தண்ணீருக்குள் மூழ்கி மீன் பிடிக்கிறது, மற்றது நின்ற இடத்திலேயே கொத்துகிறது என்பதை அவர்களே கண்டு சொல்ல இரண்டு மூன்று வருகை எடுக்கலாம். எடுக்கட்டும்.

மட்டக்கோல்

இந்த முழுத் திட்டத்திலும் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

நேரான கமுகஞ் சிலாகை ஒன்றை எடுத்து, 10 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை சிவப்பும் வெள்ளையுமாகப் பூச்சடித்து, அனுபவமுள்ள மீனவர் ஒருவரைக்கொண்டு கரையிலிருந்து வாசிக்கக்கூடிய தூரத்தில் வாவிக்குள் ஊன்றிவிடுங்கள். ஒவ்வொரு வருகையிலும் நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று மூன்று பிள்ளைகள் தனித்தனியே வாசித்து எழுத வேண்டும். மூன்றும் ஒன்றாக இருக்காது. அலை ஆடும், பார்க்கும் கோணம் மாறும். எதை எடுப்பது என்று வகுப்பில் பேசுங்கள். அளவீட்டு வழு என்ற பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானியும் வேண்டும். சோடாப் போத்தலின் மேற்பகுதியை வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாகச் செருகினால் போதும். அடி வளைவாக இருப்பதால் சிறு கற்களைப் போட்டு, நீர் ஊற்றி மட்டமாக்கி, அந்தக் கோட்டைச் சுழியமாக வையுங்கள். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் நீர். 200 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 10,000 லீற்றர். இந்தக் கணக்கைச் செய்த பிள்ளை பீலித் தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்காது.

இந்தப் பக்கத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் வாடையோடு வருவது. அந்த மாதங்களில் மழை அட்டவணையையும் வாவி மட்டத்தையும் ஒரே சுவரில், ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிவையுங்கள். ஒருநாள் இரண்டும் முரண்படும். “இஞ்ச மழையே பெய்யல்ல டீச்சர், மறுகா எப்பிடித் தண்ணி ஏறின?” என்று கேள்வி வரும். அந்த நேரம் கரும்பலகையில் பிள்ளைகள் சொல்லும் காரணம் அத்தனையையும் எழுதுங்கள். இரவில் நமக்குத் தெரியாமல் பெய்திருக்கும். கடல் உள்ளே வந்திருக்கும். வேறு எங்கேயோ பெய்திருக்கும். ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பது? இரவு மழை என்றால் மழைமானியில் நீர் இருக்க வேண்டும். கடல் என்றால் நீரில் உப்புக் கூடியிருக்க வேண்டும். மேற்கே, படுவான்கரைக்கு அப்பால் பெய்தது என்றால்? அங்கே சொந்தக்காரர் உள்ள பிள்ளை வீட்டில் ரெலிபோன் எடுத்துக் கேட்டுக்கொண்டு வரட்டும். குளங்கள் நிரம்பி வான்கதவு திறந்த செய்தியை ஒரு தாத்தா சொல்லி அனுப்பியிருப்பார். தரைத்தோற்றப் படத்தை விரிக்க அதைவிட நல்ல வேளை கிடையாது.

பிறகு ஒருநாள் மட்டம் சட்டென்று இறங்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல் மூடிக் கிடந்த ஆற்றுவாயை வெட்டிவிட்டிருப்பார்கள், அல்லது வெள்ளமே உடைத்திருக்கும். வெட்டுவதா வேண்டாமா, எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீனவருக்கும் வெவ்வேறு கருத்து உண்டு. இறால் கடலில் முட்டையிடும்; குஞ்சு வாவிக்குள் வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகும். வாய் மூடிக் கிடந்தால் அந்தப் போக்குவரத்து நின்றுவிடும். அதிக நாள் வெள்ளம் தேங்கினால் வேளாண்மை அழுகும். இரண்டு பக்கத்தையும் பிள்ளைகள் தங்கள் வீடுகளிலேயே கேட்டுக்கொண்டு வர முடியும். ஆசிரியர் ஒரு பக்கம் சாய வேண்டாம்.

உப்பைச் சுவைக்காமல் அளப்பது

வாவி நீரை நாக்கில் வைத்துப் பார்க்க ஒருபோதும் விடாதீர்கள். அதற்குப் பதில் ஓர் உறிஞ்சிக் குழலால் அளக்கலாம். 20 சென்ரிமீற்றர் நீளமான பிளாஸ்ரிக் உறிஞ்சி ஒன்றின் ஒரு முனையை மெழுகால் அடையுங்கள். காய்ந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக இட்டு, கிணற்று நீர் நிரம்பிய உயரமான போத்தலில் நிமிர்ந்து மிதக்க விடுங்கள். 15 சென்ரிமீற்றர் மூழ்கி நிற்கும்போது மணல் போடுவதை நிறுத்தி, நீர்க்கோட்டில் பேனாவால் கோடு போடுங்கள். இனி அதைக் கடல் நீரில் விட்டுப் பாருங்கள். கடல் நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. குழல் கிட்டத்தட்ட 4 மில்லிமீற்றர் மேலே எழும்பும். அங்கே இன்னொரு கோடு. வாவி நீரில் அது இரண்டு கோடுகளுக்கும் இடையில் எங்கேயோ நிற்கும். எங்கே என்பதுதான் மாதாமாதம் மாறுவது.

4 மில்லிமீற்றர் சின்ன அளவாகத் தோன்றும். பிள்ளைகளுக்கு அது போதும். கண்ணை நீர் மட்டத்துக்குத் தாழ்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்கள். கடல் நீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்பு உண்டு. 100 மில்லிலீற்றரைக் கறுப்புத் தட்டில் வெயிலில் வைத்தால் அரைத் தேக்கரண்டிக்குச் சற்று மேலே உப்பு மிஞ்சும். அதே அளவு வாவி நீரைப் பக்கத்தில் வையுங்கள். ஜனவரியிலும் ஓகஸ்டிலும் செய்து, இரண்டு தட்டையும் படம் வரையச் சொல்லுங்கள்.

மாரியில் மிதந்து வந்து கரையை மூடும் ஆற்றுவாழை, கச்சான் காற்று வீசும் மாதங்களில் பழுத்துக் கருகும். நீர் உவர்ப்பதை அந்தச் செடி தாங்காது. குழலின் கோடு மேலே ஏற ஏற ஆற்றுவாழை என்ன ஆகிறது என்று ஒரே பக்கத்தில் எழுதிவந்த பிள்ளைகளுக்குக் காரணத்தை நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

விலை கொடுத்து வாங்கும் உபகரணம் இல்லாமல் விஞ்ஞானம் படிப்பிக்க முடியாது என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இரண்டாம் உலகப் போரில் பாடசாலைகளை இழந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காக, கைக்குக் கிடைப்பதைக் கொண்டு கருவி செய்யும் முறைகளை எழுதித் தரும்படி ஜே. பி. ஸ்டீபன்சன் என்ற ஆங்கில ஆசிரியரை யுனெஸ்கோ கேட்டது. 1948 இல் வந்த அந்தச் சிறு புத்தகம் வளர்ந்து, 1956 இல் விஞ்ஞானம் கற்பிப்போருக்கான பெரிய மூலநூலாக வெளிவந்தது. பல மொழிகளுக்கும் போனது. போரையும் சுனாமியையும் கண்ட கரையில் வேலை செய்யும் நமக்கு அந்த வழி அந்நியமில்லை.

கிணற்றடியில்

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர் வாவி. நடுவே தோண்டினால் மட்டும் நல்ல தண்ணீர் வருவது எப்படி? இந்த ஊர்ப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கொட்டுக் கிணற்றைப் பார்த்தவர்கள். ஆகவே இந்தக் கேள்வி அவர்களுக்குத் தோன்றியிருக்காது. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

கண்ணாடிக் குவளையில் பாதிக்கு உப்புக் கரைசல், அதில் கொஞ்சம் கேசரி நிறம். அதன் மேல், ஒரு கரண்டியின் பின்புறத்தில் விழும்படி, நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். நிறமற்ற தண்ணீர் மேலே தனியாக நிற்கும். மணலுக்குள் நடப்பதும் இதுதான்: மழை இறங்கி, உவர் நீருக்கு மேலே நன்னீர் மிதக்கிறது. கணக்குப்படி, நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால் அதற்குக் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம். மேலே 10 சென்ரிமீற்றர் குறைந்தால் கீழே 4 மீற்றர் போய்விடும். நம்முடைய கடற்கரையில் நீர்மட்டம் கடலைவிட அதிகம் உயர்ந்து நிற்பதில்லை. ஆகவே ஆழக் குழாய் இறக்கி மோட்டரால் விடாமல் இறைத்தால் என்ன நடக்கும் என்று குவளையில் காட்டுங்கள். ஒரு சிரிஞ்சின் குழாயை எல்லைக்குச் சற்று மேலே வைத்து வேகமாக இழுத்தால் நிறம் மேலே ஏறிவரும். மெதுவாக, மேற்பரப்பிலிருந்து இழுத்தால் ஏறாது.

சுனாமி அடித்த பிறகு கரையோரக் கிணறுகள் உவர்த்ததையும், மழைக்காலங்கள் வந்து கழுவிய பிறகே மெல்ல மெல்லத் தேறியதையும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கிணற்றில் வாளி தொடும்வரை எத்தனை முழக் கயிறு போகிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் மாதம் ஒருமுறை, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, அளந்து வரட்டும். கடற்கரை வீடுகளின் அளவும் வாவிக்கரை வீடுகளின் அளவும் ஒரே படத்தில் வந்தால், எந்தப் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எந்த மாதத்தில் இறங்குகிறது என்று வகுப்பே கண்டுபிடிக்கும்.

கண்டலை நடுவதற்கு முன்

சுற்றாடல் தினம் வந்தால் கண்டல் நடுவது வழக்கமாகிவிட்டது. படம் எடுப்பார்கள், பதாகை பிடிப்பார்கள். இலங்கையில் நடந்த கண்டல் நடுகை இடங்கள் 23 ஐ ஆய்ந்து 2017 இல் வெளியான ஓர் ஆய்வு, நட முயன்ற 1,000 முதல் 1,200 ஹெக்டயரில் 200 முதல் 220 ஹெக்டயர் மட்டுமே தேறியதாகச் சொல்கிறது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. பிழையான மட்டத்தில் நட்டது, பிறகு திரும்பிப் பார்க்காதது, மாடு மிதித்தது என்று காரணங்கள் எல்லாம் நமக்குத் தெரிந்தவையே. ஆகவே பிள்ளைகள் கையில் கன்றைக் கொடுக்கும் முன் ஒரு வருடம் எண்ணச் சொல்லுங்கள்.

எண்ண நிறைய உண்டு. மிண்டி வேர் ஊன்றி நிற்கும் கண்டலில் விதை மரத்திலேயே முளைத்து, நீண்ட பச்சைக் காயைப் போலத் தொங்கும். ஒன்றைத் தெரிந்தெடுத்து, கிளையில் துணி கட்டி, ஒவ்வொரு வருகையிலும் நீளத்தை அளக்கலாம். ஒருநாள் அது விழுந்திருக்கும். எங்கே போனது? சேற்றில் குத்தி நிற்கிறதா, மிதந்து போனதா? தானாக முளைத்த கன்றுகள் நீர் விளிம்பிலிருந்து எத்தனை அடியில் நிற்கின்றன? எந்த உயரத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை? இந்த அளவு கையில் இருந்தால், நடுவதென்று முடிவெடுக்கும் நாளில் எங்கே நடுவது என்பதைத் தரம் 5 பிள்ளையே காட்டும். கண்ணா மரத்தைச் சுற்றி மண்ணிலிருந்து மேல்நோக்கி நிற்கும் மூச்சு வேர்களை மிதிக்காமல் நடக்கவும் அதற்குள் பழகியிருக்கும்.

ஒலிப் பாடம்

பாடும் மீனைப் பற்றிப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். அந்த ஒலியை எழுப்புவது மீனா, ஊரியா என்ற கேள்விக்குத் தீர்ந்த விடை இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். விடை இல்லாத கேள்வி தங்கள் வாவியிலேயே இருக்கிறது என்று கேட்கும்போது அவர்களின் முகத்தைப் பாருங்கள். இலங்கையில் அதிகாரியாக இருந்த எமர்சன் ரெனன்ற், மட்டக்களப்பில் இரவில் தோணியில் போய் அந்த ஒலியைக் கேட்டதை 1861 இல் வந்த தன் இயற்கை வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது ஒலி இன்னும் பெருத்துக் கேட்டதாம்.

பிள்ளைகளை இரவில் வாவிக்குக் கொண்டுபோக முடியாது, வாளியில் செய்யலாம். தண்ணீர் நிறைந்த வாளிக்குள் இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டுங்கள். முதலில் சும்மா கேட்கட்டும். பிறகு சவளின் ஒரு முனையை நீருக்குள்ளும் மறுமுனையைக் காதெலும்பிலும் வைத்துக் கேட்கட்டும். ஒலி காற்றில் செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றரும், நீரில் ஏறக்குறைய 1,500 மீற்றரும் போகும்.

இதே கரையோரத்தில், தெற்கே காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரைத் துறவியாகவும் தமிழறிஞராகவும் பிள்ளைகள் அறிவார்கள். அவர் யாழ்ப்பாணம் சம்பத்தரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்த ஆசிரியர் என்பதையும் சொல்லுங்கள். 1947 இல் வெளிவந்த யாழ் நூலில் பழந்தமிழ் இசையை அவர் நரம்பின் நீளக் கணக்கோடு ஆராய்ந்தார். பலகையில் இரண்டு ஆணி அடித்துத் தங்கூசியை இறுகக் கட்டி மீட்டுங்கள். நடுவே அழுத்தினால் அதே சுரம் மேல்தாயியில் வரும். மூன்றில் இரண்டு பங்கு நீளம் விட்டால் பஞ்சமம் வரும். பாடத் தெரிந்த பிள்ளை வகுப்பில் ஒன்றாவது இருக்கும். கண்டுபிடிக்கும் வேலையை அதனிடம் விடுங்கள்.

ஊராரைக் கூப்பிடுதல்

வீச்சு வலையும் அத்தாங்கும் போடும் ஒருவரை மாதம் ஒருமுறை மர நிழலுக்கு வரச் சொல்லுங்கள். விரிவுரை கேட்காதீர்கள், வலையைக் கொண்டுவரச் சொன்னால் போதும். கண்ணின் அளவைப் பிள்ளைகள் அடிமட்டத்தால் அளப்பார்கள். இந்தக் கண்ணுக்குள்ளால் எந்த அளவு மணலை தப்பும், எது மாட்டும் என்று கேட்பார்கள். “சின்னக் கண் போட்டா இண்டைக்கு நிறையப் படும் மனே, அடுத்த வருசம் ஒண்டும் படாது” என்று அவர் சொல்லும்போது, நிலைபேறான அபிவிருத்தி என்ற பாடத்தலைப்புக்கு நீங்கள் சேர்க்க வேண்டியது எதுவும் இருக்காது. அவர் சொல்வது புத்தகத்தோடு முரண்பட்டால், பிள்ளைகள் முன்னால் திருத்தாதீர்கள். கொப்பியில் இரண்டையும் எழுதி, எப்படிச் சோதிக்கலாம் என்று அடுத்த வகுப்பில் கேளுங்கள்.

கொப்பியும் பரீட்சையும்

புலமைப்பரிசில் வருடத்தில் இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கவலை. கரையில் நாற்பது நிமிடத்துக்கு மேல் வேண்டாம்; எழுதுவது வகுப்பில் நடக்கட்டும். அந்த எழுத்தையே தமிழ்ப் பாடத்தின் கட்டுரையாகவும், மட்டக்கோல் வரைபைக் கணித பாடத்தின் வரைபாகவும் எடுங்கள். வருடம் பாதி ஆனதும் பிள்ளையின் கொப்பியைப் பெற்றோர் கையில் கொடுங்கள். உங்கள் விளக்கத்தைவிட அது நன்றாகப் பேசும்.

பிள்ளையின் கொப்பி பிள்ளைக்கு. வகுப்புக்கென்று கெட்டி மட்டைக் கொப்பி ஒன்று வேறாக வேண்டும். அதில் திகதி, நேரம், காற்று எந்தப் பக்கம், நீர்மட்டம், குழல் நின்ற கோடு, அன்றைய கேள்வி. விடை கிடைக்காத கேள்விகளுக்குக் கடைசிப் பக்கங்களை ஒதுக்குங்கள். வருட முடிவில் அது அடுத்த வகுப்பு ஆசிரியருக்குப் போக வேண்டும். ஒரு வருடக் கணக்கைவிட மூன்று வருடக் கணக்குப் பல மடங்கு பெறுமதியானது: இந்த மாரி பெரிதா, போன மாரி பெரிதா என்ற வாதத்தை அப்போது பிள்ளைகளே தீர்ப்பார்கள்.

மாரி வெள்ளம் மட்டக்கோலை ஒருநாள் கொண்டுபோகும். அதற்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள். கரையில் அசையாத ஒன்றை, ஒரு மதகையோ சீமெந்துக் கட்டையோ, தெரிந்தெடுத்து அதில் சிவப்புக் கோடு ஒன்று போடுங்கள். நீர்மட்டக் குழாயைப் பிடித்து, கோலின் சுழியம் அந்தக் கோட்டுக்கு எத்தனை சென்ரிமீற்றர் கீழே இருக்கிறது என்று அளக்க ஒரு மேசனார் பத்து நிமிடத்தில் உதவுவார். அந்த எண்ணைக் கொப்பியின் முதற் பக்கத்தில் பெரிதாக எழுதிவிட்டால், புதுக் கோலை யார் ஊன்றினாலும் பழைய கணக்கோடு சேர்ந்துகொள்ளும்.